மல்லாரி கேட்ட மாணவர்கள்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நடைபெற்ற கல்லூரி மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கல்லூரி மாணவர்கள் திருவிழாவிற்கு வருவதில்லை என்று பெரியவர்கள் சிலர் குறைப்படுகின்றனர். நான் அதனை ஒப்புவதில்லை. காவடி எடுப்போரிலும், தண்ணீர்ப் பந்தலில் நிற்போரிலும், உறுமி மேளம் முழக்குவோரிலும் பெரும்பாலோர் இளைஞர்களே. அவர்கள் வருகின்றனர், பார்க்கின்றனர், கைப்பேசியில் படமெடுக்கின்றனர், போய்விடுகின்றனர். பார்த்ததையும் கேட்டதையும் பற்றி உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஓர் இடம் இல்லை. அவ்விடத்தைத் தரவேண்டியது ஆலயமே என்று சொல்லத்தான் இங்கு நிற்கிறேன்.

சென்ற ஆண்டு சுவாமி புறப்பாடு முடிந்தபின், பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் நாதஸ்வர வித்துவானை அணுகி, "ஐயா, புறப்படும்போது வாசித்தீர்களே, அந்தப் பாட்டுக்குச் சொற்களே இல்லையா?" என்று கேட்டார். அசதியோடிருந்த வித்துவான் முகம் மலர்ந்துவிட்டது. அது மல்லாரி, கம்பீர நாட்டை இராகத்தில் வாசிப்பது, அதற்குச் சாகித்தியம் கிடையாது என்றார். ஒரே அமைப்பைக் காலம் மாற்றி மாற்றி எவ்வாறு வாசிப்பது என்பதைத் தொடையில் தாளமிட்டே காட்டினார். மடைப்பள்ளியிலிருந்து நைவேத்தியம் வரும்போது தளிகை மல்லாரி, திருமஞ்சன நீர் வரும்போது தீர்த்த மல்லாரி, தேர் நகரும்போது தேர் மல்லாரி. இரவில் பள்ளியறைக்கு நீலாம்பரி. கூட்டத்தில் சுவாமியைக் காண இயலாத முதியவரும் வீதிக் கோடியில் இருந்தபடியே உள்ளே நடப்பதை அறிந்து கைகூப்பலாம். பிரட்டு மணியோசையில் பொழுதை அறிந்து வளர்ந்த தோட்டத்து மக்களுக்கு இதனை விளக்கவே வேண்டியதில்லை!

அத்துடன் பேச்சு முடியவில்லை. உறுமி முழக்கும் மற்றோர் இளைஞர், "எங்கள் உறுமியை மட்டும் ஏன் தள்ளி நிற்கச் சொல்கிறீர்கள்?" என்று சற்றுச் சூடாகவே கேட்டார். நியாயமான கேள்வி. தோட்டங்களில் மாரியம்மனுக்கும் முனீசுவரருக்கும் திருவிழா எடுத்த நம் முன்னோர் பேணிய இசை அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தபோது, அவர்களோடு உறுமியும் வந்தது. அதனை இரைச்சல் என்று ஒதுக்குவது தகாது. சுவாமிக்கு முன்பாகத் திரைப்பட மெட்டுகளை முழக்குவதும் தகாது என்பது என் கருத்து. அந்த இளைஞர் இதனை முழுதும் ஏற்கவில்லை. ஏற்க வேண்டும் என்பதுமில்லை. ஆனால், தோட்டத்தில் சாமி அழைக்கும்போது எந்த அடி, ஊர்வலத்தில் எந்த அடி என்று அறிந்த பெரியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களிடம் போய்க் கேட்பதாக அவர் சொன்னார். அந்த விவாதம் அதற்கு உதவிற்று.

காதால் கேட்டதற்கு இவ்வாறென்றால், கண்ணால் காண்பதற்கும் இதுவே பொருந்தும். இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டில் படை செலுத்திய கடாரத்தைப் பாடநூலில் படிக்கிறோம். அதன் சுவடுகள் நம் பக்கத்திலேயே, பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ளன. 1930களில் குவாரிச் வேல்ஸ் தம்பதியர் அங்குள்ள சிதைவுகளைத் தோண்டி எண்ணிட்டனர். புக்கிட் பத்து பகாட் சண்டி 1960இல் மறுசீரமைக்கப்பட்டது. மெர்போக்கில் அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது. அங்கே சென்று, விமானத்தின் அடித்தளத்தையும் அதன் முன்னுள்ள மண்டபத்தில் மரத்தூண்களைத் தாங்கிய கற்களையும் பாருங்கள். பின்னர் இவ்வாலயத்தின் கருவறையையும் மகாமண்டபத்தையும் மனத்தில் கொண்டு, எது ஒத்திருக்கிறது, எது வேறுபடுகிறது என்று அங்கேயே மரநிழலில் அமர்ந்து பேசுங்கள். மண்டபத்தை ஏன் மரத்தில் எழுப்பினர் என்று கட்டடக்கலை பயிலும் மாணவர் கேட்கட்டும். யார் கட்டினர் என்று வரலாறு பயில்பவர் கேட்கட்டும்.

இத்தகைய பேச்சு இல்லாதபோது என்ன நேரும் என்பதையும் கண்டோம். சுங்கை பத்து தோட்டப் பகுதியில் 11ஆம் எண் சண்டி என்று குறிக்கப்பட்ட சிதைவு, வீடமைப்புக்காக நிலம் சமன்செய்யப்பட்டபோது அழிந்துபோன செய்தி 2013இல் வெளிவந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட தலம் அது. தனியார் நிலத்தில் இருந்தது, சட்டப் பாதுகாப்புப் போதவில்லை என்று காரணங்கள் கூறப்பட்டன. அவை இருக்கட்டும். பக்கத்துப் பட்டணங்களில் வாழ்ந்த மக்களில் பலர், அது அழிந்த பிறகே அப்படியொன்று இருந்ததைக் கேள்விப்பட்டனர். அடிக்கடி மாணவர்கள் வந்து பார்த்து, குறிப்பெடுத்து, வாதிட்டுச் சென்ற இடமாக அது இருந்திருந்தால், இயந்திரம் வந்த அன்றே யாரேனும் குரல் கொடுத்திருப்பர்.

இன்று இவ்வட்டாரத்தில் உயர்கல்விக்கு வழியுண்டு. 1984 முதல் வட மலேசியப் பல்கலைக்கழகமும், 2001 முதல் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் இயங்குகின்றன. அங்கே பயிலும் பிள்ளைகளுக்கு நாதஸ்வரத்தையும் உறுமியையும் அருகிருந்து காட்ட ஆலயத்தால் இயலும். அதற்குப் பெருஞ்செலவு இல்லை.

ஆகவே நிர்வாகக் குழுவினரிடம் ஒரு விண்ணப்பம் வைத்தேன், அன்புடன் இசைந்தனர். இவ்வாண்டு ஐந்தாம் திருவிழா இரவு அர்த்தசாம பூசை முடிந்தபின், ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டு வசந்த மண்டபத்தில் பாய் விரிக்கப்படும். நாதஸ்வர, தவில் கலைஞர்களும் உறுமிக் குழுவினரும் ஒருமணி நேரம் மாணவர்களோடு அமர்வர். தோட்டத்துப் பெரியவர்களையும் அழைத்து வாருங்கள். ஒவ்வொருவரும் அன்று கண்டதில் விளங்காத ஒன்றையேனும் குறித்துக்கொண்டு வரவேண்டும். படம் மட்டும் போதாது. நேரம் கடந்தபின் பேருந்து இல்லாத தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேன் ஏற்பாடு செய்யும்படி தலைவரைக் கேட்டிருக்கிறேன். அவரும் தலையசைத்திருக்கிறார்.