நம் ஊர் எழுத்தாளர் அசோகமித்திரன்
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வேக் கணக்கேடுகளோடு காலம் கழித்துவரும் நாம் அவ்வளவு உயரம் ஏறத் துணியவில்லை. இந்த இரட்டை நகரத்திலேயே பிறந்து, ரயில்வேக் குடியிருப்பிலேயே வளர்ந்து, நம்மைப் போன்ற குடும்பங்களையே எழுதிய ஒருவரைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல அனுமதி வேண்டுகிறோம்.

அசோகமித்திரன் 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சிகந்தராபாத்தில் பிறந்தார். இயற்பெயர் தியாகராஜன். தந்தையார் நிஜாம் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். (அந்த ரயில்வே 1951இல் மத்திய ரயில்வேயோடு இணைந்ததும், 1966 அக்டோபர் 2இல் தென் மத்திய ரயில்வே சிகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு உருவானதும் இங்குள்ள ரயில்வே அன்பர்கள் அறிந்தவையே.) தந்தை மறைந்தார். 1952இல் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது.

இவ்விடத்தில் சற்றே நிற்க விரும்புகிறோம். உத்தியோகஸ்தன் வீட்டில் சம்பளக்காரன் கண்ணை மூடினால் துக்கம் ஒன்றாக வருவதில்லை. பதின்மூன்றாம் நாள் காரியம் முடியுமுன்னரே குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் கவலை வந்துவிடுகிறது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பெண்ணின் கல்யாணம், எந்த ஊருக்குப் போவது என்ற கேள்வி, எல்லாம் அந்த ஒரு வாரத்தில் முடிவாக வேண்டும். சொந்த ஊர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் ஊரில் அதற்குள் நமக்கு வீடும் இராது, நம்மைத் தெரிந்தவரும் இரார். நம் காலனியிலேயே இதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? அசோகமித்திரனின் கதைகளில் வரும் தாய்மாரும், கடன் கேட்கத் தயங்கும் தமையன்மாரும், வேலைக்குப் போகும் பெண்களும் இந்தப் பள்ளத்திலிருந்தே எழுந்து வருகிறார்கள்.

சென்னையில் எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் அவருக்கு வேலை கிடைத்தது. 1966 வரை அங்கே இருந்தார். செய்தித்தாள்களிலிருந்து வேண்டிய பகுதிகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்ப்பது அவருடைய முக்கியமான அலுவல்! பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா இருப்பதாகவே தோன்றுமாம். கோப்பு கட்டியே தலை நரைக்கும் நமக்கு இதில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. அந்நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதியதிலிருந்து ஒரு பகுதி பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றது. நம் பிள்ளைகளில் சிலர் அதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கின்றனர். அதை எழுதியவர் சிகந்தராபாத்தில் வளர்ந்த தமிழர் என்று சொன்னபோது அவர்கள் வியந்தனர்.

இனி நூல்களுக்கு வருவோம். இருநூறுக்கும் மேற்பட்ட சிறுகதைகளும் பல நாவல்களும் எழுதினார். எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

'தண்ணீர்' 1973இல் நூலாக வந்தது. தண்ணீர்ப் பஞ்சத்தில் தவிக்கும் சென்னைத் தெரு ஒன்று. சினிமா ஆசை காட்டி ஏமாற்றப்படும் ஜமுனா, கணவன் ராணுவத்தில் இருக்க அலுவலகம் செல்லும் தங்கை சாயா, நோயாளிக் கணவனையும் மாமியாரையும் தாங்கிக்கொண்டு பள்ளிக்கும் குழாயடிக்கும் நடக்கும் டீச்சரம்மா. இவர்களுள் எவரையும் ஆசிரியர் கண்டிக்கவில்லை, உயர்த்திப் பேசவுமில்லை. குடத்தைக் கையில் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். தாய்மார்கள் அவசியம் படிக்க வேண்டிய நூல்.

மற்றொன்று 1977இல் வெளிவந்த 'பதினெட்டாவது அட்சக்கோடு'. இது நம் ஊர்க் கதை. ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன் லான்சர் பாரக்கில் வசிக்கிறான், கிரிக்கெட் ஆடுகிறான், வீட்டுப் பசுவைப் பார்த்துக்கொள்கிறான், சைக்கிளில் நிஜாம் கல்லூரிக்குப் போகிறான். சுற்றிலும் முஸ்லிம்களும் ஆங்கிலோ இந்தியரும் வாழ்கின்றனர். பெரியவர்களின் கொள்கை ஒன்றே: நாமுண்டு, நம் வேலையுண்டு. பிழைக்க வந்த இடத்தில் வம்பு எதற்கு என்று நம் தந்தையர் சொன்னதும், நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுவே.

ஆனால் ரஜாக்கர்களின் ஆர்ப்பாட்டம் வளர்கிறது. 1948 செப்டம்பர் 13இல் இந்தியப் படை நுழைகிறது, ஐந்து நாளில் நிஜாம் ஆட்சி பணிகிறது. பயந்திருந்தவர்கள் இப்போது பயமுறுத்துகிறவர்களாக மாறுகின்றனர். கலவரத்தினூடே சந்திரசேகரன் முன்பின் அறியாத ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் போய்விடுகிறான். அங்கே ஓர் இளம்பெண், தன் வீட்டாரைக் காப்பாற்றத் தன் மானத்தையே அவன்முன் விலையாக வைக்கிறாள். அவன் ஒரு தீங்கும் செய்தவனல்லன். எனினும் அவள் கண்ணுக்கு அவன் வென்ற கட்சி. அவன் நடுநடுங்கி ஓடுகிறான்.

இப்பகுதியைக் குடும்பங்கள் கூடியிருக்கும் சபையில் சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். குடும்பங்கள் கூடியிருப்பதனாலேயே சொன்னோம். நம் வீட்டுத் தாயையும் தங்கையையும் எழுதியவர், எதிர் வீட்டிலும் அச்சத்தோடு ஒரு தாயும் தங்கையும் இருந்தனர் என்பதை எழுதாமல் விட்டிருந்தால், அவரைக் குடும்பக் கதாசிரியர் என்று நாம் ஒப்பமாட்டோம்.

'அப்பாவின் சிநேகிதர்' என்ற சிறுகதைத் தொகுதிக்கு 1996இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2017 மார்ச் 23இல் சென்னையில் காலமானார். சென்னையில் அறுபதாண்டுக்கு மேல் வாழ்ந்தும் அவர் பேனா சிகந்தராபாத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது.

நம் பிள்ளைகளுக்குத் தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் எழுத வருகிறது. தமிழ் காதால் மட்டும் வருகிறது. தங்கள் தெருவைப் பற்றிய நாவலை அவர்கள் கையால் புரட்ட முடியாது. அவர்கள் தமிழெழுத்துக் கற்கும்வரை காத்திருப்பானேன்? செயற்குழு இசைந்தால், வரும் ஞாயிறு முதல் மாலை ஐந்து மணிக்குச் சங்க அறையில் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை வாரத்திற்கு ஓர் அத்தியாயமாக உரக்கப் படிக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோம். பிரதி ஒன்று நம்மிடம் உள்ளது. பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினால் போதாது, தாமும் உடன் வரவேண்டும். சில பக்கங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கு நாம் ஒருவர் மட்டும் விடை சொல்ல இயலாது.