ஒரே ஒரு நீளம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் நீச்சல்னா தோட்டத்துக் கிணறுதான். லாரி ட்யூபோட இறக்கி விடுவாங்க. முதல்ல வர்றது தவளை மாதிரி கால் உதைக்கிறது. போட்டியில அதுக்குப் பேரு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்னு எனக்கு காலேஜ்லதான் தெரிஞ்சுது.

அந்த ஸ்ட்ரோக்ல இந்தியாவோட சாம்பியனா இருந்தவர், டெல்லிக்காரர் சந்தீப் செஜ்வால். 19 வயசுல, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல 100, 200 மீட்டர் நீந்தினார். ரெண்டுலயும் ஹீட்ஸோட முடிஞ்சுது. 2012 லண்டனுக்குப் போகல. நிறைய பேர் அங்கேயே விட்டிருப்பாங்க.

அவர் விடல. 2014, இஞ்சியோன் ஆசிய விளையாட்டு. 50 மீட்டர், அதாவது குளத்தோட ஒரே ஒரு நீளம். 28.26 செகண்ட், வெண்கலம்! 1986ல கஜன் சிங், 2010ல வீர்தவல் காடே, அடுத்து இவர். அதுக்கப்புறம் 2018லயும் 2023லயும் நீச்சல்ல நமக்கு ஒரு மெடலும் இல்ல.

ஆனா, அவர் மெடல் வாங்குன அந்த ரேஸ் அப்போ ஒலிம்பிக்ஸ்லயே கிடையாது. நல்லா எழுதின கோடு, ஓட்ட சர்வர் இல்லாத மாதிரி. 2028 லாஸ் ஏஞ்சலஸ்லதான் அதைச் சேர்க்கிறாங்க. அப்போ அவருக்கு 39 வயசு.

இன்னைக்கு கிணத்துல கால் உதைக்கிற பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்திருக்கு. உங்க ஊர்ல யாராவது அப்படி இருந்தா, இந்தக் கதையைச் சொல்லுங்க.