உறுமிக்கு எந்த மைக்?

ஒரு கேள்வி ரொம்ப நாளா இன்பாக்ஸ்ல கிடக்கு. "வீட்ல பழைய ஹேண்டிகேம் இருக்கு. ஊர்த் திருவிழாவுல மேளம் வாசிக்கிறதை ரெக்கார்ட் பண்ணணும். வெளியில இருந்து என்ன மைக் வாங்கி மாட்டலாம்?" இதுக்கு பதில் சொல்ற தகுதி எனக்கு இருக்கு. ஏன்னா இதுல நான் ரெண்டு தடவ தோத்திருக்கேன்.

என் ஊர் காமயகவுண்டன்பட்டி, கம்பத்துக்குப் பக்கம். கே.கே.பட்டின்னாதான் பஸ்ல டிக்கெட் குடுப்பாங்க. (பண்ணைப்புரமும் எங்க பக்கம்தான். அதனால மியூசிக்னு வாயெடுத்தாலே ராஜா சார் பத்திக் கேப்பீங்க. அது இன்னைக்கு இல்ல.) காலேஜ் முடிச்சு முதல் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அம்மன் திருவிழாவுக்கு ஹேண்டிகேமோட போனேன். உறுமி செட்டு வந்திருந்துச்சு. அதுல உறுமி வாசிச்சவர் எங்க தாத்தா வயசு. கிட்டத்தட்ட நாப்பது நிமிஷம் எடுத்தேன்.

பெங்களூரு வந்து போட்டுக் கேட்டா, தவில் அடி விழுற ஒவ்வொரு தடவையும் மொத்த சத்தமும் உள்ள போகுது. அடி ஓய்ஞ்சதும் ஜெனரேட்டர் சத்தம் மெதுவா மேல எழும்புது. யாரோ மூச்சு வாங்குற மாதிரி இருந்துச்சு. இதுக்குப் பேரு ஆட்டோ கெயின். சின்ன சத்தத்தைத் தூக்கிவிடு, பெரிய சத்தத்தை அமுக்குன்னு கேமரா தானாவே முடிவு பண்ணும். பிறந்தநாள் கேக் வெட்டுறதுக்கு அது சரி. ஆனா மேளத்துல மெதுவுக்கும் வேகத்துக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் இசையே.

இங்கதான் முதல் பாயின்ட். ஆட்டோ கெயின் ஓடுற கேமராவுல எவ்வளவு நல்ல மைக்கை மாட்டினாலும் அந்த மூச்சு வாங்கல் போகாது. அதனால மைக் பார்க்கிறதுக்கு முன்னாடி கேமராவைப் பாருங்க. 3.5 எம்எம் மைக் ஜாக் இருக்கா? சோனி சிஎக்ஸ்405 மாதிரி நிறைய பேர் வெச்சிருக்கிற மாடல்ல அது கிடையவே கிடையாது. ஏஎக்ஸ்43, ஏஎக்ஸ்53 மாதிரி மாடல்ல மைக் ஜாக்கும் இருக்கு, ஹெட்போன் ஜாக்கும் இருக்கு. அப்புறம் மெனுவுல ஆடியோ லெவலை நாமளே வைக்க முடியுமா? பழைய ஹேண்டிகேம்கள்ல 'மைக் ரெஃபரன்ஸ் லெவல்'னு ஒண்ணு இருக்கும், அதை 'லோ'ல வைங்க. முழுசா தீராது, ஆனா காது வலிக்காது.

அடுத்த தடவ பெரிய ஆளா ஷாட்கன் மைக் வாங்கிட்டுப் போனேன். ரிவ்யூ எல்லாம் அதைத்தான் சொல்லுச்சு. ஆனா அந்த ரிவ்யூக்கள் எல்லாம் ஒருத்தர் உக்காந்து பேசுறதை எடுக்கிறவங்களுக்கு. ஷாட்கன் நீட்டின பக்கத்தை மட்டும் நல்லாப் பிடிக்கும். செட்டு நிக்கிறது அரைவட்டமா. நான் நாதஸ்வரத்தைப் பார்த்து நீட்டினேன், உறுமி ஓரத்துல நின்னுச்சு. போதாக்குறைக்கு காத்து இரைச்சலுக்குப் பயந்து லோ கட் சுவிட்சைப் போட்டுட்டேன். அது 80 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருந்து கீழ இருக்கிற சத்தத்தைக் குறைச்சிடும்.

உறுமிக்கு ரெண்டு முகம். ஒரு பக்கம் குச்சியால அடிப்பாங்க, இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சியைத் தோல் மேல அழுத்தித் தேய்ப்பாங்க. அந்தத் தேய்ப்புலதான் உறுமல் வரும். அடி ஆழத்துல இருக்கிற சத்தம் அது.

வீட்ல டிவியில போட்டேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "ஏய்யா, தவிலும் நாயனமும்தேன் கேக்குது. உறுமி எங்கய்யா?"ன்னு கேட்டுச்சு. கோடு போட்ட மாதிரி டீபக் ரிப்போர்ட்.

அதுக்கு அடுத்த வருஷம் அந்தப் பெரியவர் இறந்துட்டார். அவர் வீட்ல இருந்து வீடியோ கேட்டாங்க. ரெண்டையும் குடுத்தேன். அவர் கை ஓடுறது நல்லாத் தெரியுது. ஆனா பதிவாகாத சத்தத்தை எந்த சாஃப்ட்வேராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது. நானும் பல ராத்திரி முயற்சி பண்ணிப் பார்த்தேன்.

சரி, இப்ப நான் என்ன பண்றேன்?

நம்ம ஊர் மேளத்துக்கு ஸ்டீரியோ மைக்தான். ஸ்பெக் ஷீட்ல 'மேக்ஸிமம் எஸ்பிஎல்'னு இருக்கும். எவ்வளவு பெரிய சத்தம் வரைக்கும் மைக் உடையாமத் தாங்கும்ங்கிற கணக்கு, முதல்ல அதைப் பாருங்க. மைக்லயே சத்தத்தைக் குறைக்கிற மைனஸ் 10 டெசிபல் சுவிட்ச் இருந்தா ரொம்ப நல்லது. மைனஸ் பக்கம்தான் நமக்கு வேலை, ப்ளஸ் 20 பக்கம் தொடவே வேண்டாம். போனுக்கு வாங்கின காலர் மைக்கை அப்படியே சொருகாதீங்க. போன் பின்னுல மூணு கறுப்புக் கோடு, கேமரா பின்னுல ரெண்டு.

கேமராவுல லெவல் மாத்தவே முடியலையா? அப்ப மைக்குக்குச் செலவு பண்ணாதீங்க. தனியா ஒரு கைரெக்கார்டர் வாங்குங்க, இல்ல வாடகைக்கு எடுங்க. ஜூம் ஹெச்1என் 120 டெசிபல் வரைக்கும் தாங்கும், ஹெச்4என் ப்ரோ 140 வரைக்கும். நான் இப்ப இந்த வழிதான். கேமரா எங்க வேணா நிக்கட்டும், ரெக்கார்டர் செட்டுக்கு முன்னாடி ஏழெட்டு அடியில ஸ்டாண்ட்ல நிக்கும். லென்ஸ் ஜூம் பண்ணினா படம் கிட்ட வரும், சத்தம் வராது. சத்தம் நொடிக்கு 343 மீட்டர்தான் ஓடும். 25 பிரேம் வீடியோவுல 14 மீட்டர் தள்ளி நின்னாலே ஒரு பிரேம் லேட்டு. ரெக்கார்டர் கிட்ட இருந்தா இந்தத் தொல்லை கம்மி. ஒவ்வொரு பாட்டு ஆரம்பத்துலயும் ஒரு கைதட்டு, எடிட்டுல அதை வெச்சு சேர்த்துக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரே கைதட்டுன்னா ரெண்டு கருவியோட கடிகாரமும் விலகிடும்.

ரெக்கார்டரோட முதுகு ஜெனரேட்டர் பக்கமும் கூம்பு ஸ்பீக்கர் பக்கமும் இருக்கணும். லோ கட் ஆஃப். காத்துக்கு ரோமத் தொப்பி கட்டாயம். ஆடி மாசம் எங்க பள்ளத்தாக்குல அடிக்கிற காத்துக்கு ஸ்பாஞ்ச் எல்லாம் பத்தாது.

லெவல் வைக்க, "அண்ணே, ரொம்ப வேகமா வாசிக்கிற இடத்தை ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க"ன்னு கேளுங்க. வாசிப்பாங்க. அதுல உச்சம் மைனஸ் 12 வந்துச்சுன்னா, இன்னும் 6 கீழ இறக்குங்க. சாமி வந்து ஆள் ஆட ஆரம்பிச்சா, காட்டினதை விட கண்டிப்பா ஓங்கி அடிப்பாங்க.

போன திருவிழாவுல அதே செட்டு. உறுமி இப்ப அவர் பையன் கையில. ஹெட்போனை அப்பத்தாகிட்ட குடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுச்சு. "இவன் இன்னும் தேய்ச்சுப் பழகணும்"னுச்சு.

கேள்வி இருந்தா அனுப்புங்க மக்களே. கேமரா மாடல் பேரையும் சேர்த்து அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.