100க்குப் பேசிய குரல்



நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். ஆனால் மகாராஜபுரத்துக்கு வந்து நின்றால் எனக்கு ஓர் அக்காவின் உடைந்த போன்தான் நினைவுக்கு வருகிறது. இந்தப் பக்கத்துச் சேரித் தெருவில் இருப்பவர், மில் வேலை. ஒரே இரவில் மூன்று முறை 100க்கு அழைத்தார். மூன்றாவது அழைப்போடு கணவர் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்துவிட்டார். போலீஸ் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். எழுதியது ஒரு வரி: "குடும்பத் தகராறு, அறிவுரை கூறப்பட்டது." வந்தவர் வாசலில் நின்று, "உங்க தெருவுல இது தினமும் நடக்கிறதுதானே" என்றாராம். அது பதிவேட்டில் இல்லை. ஊர்த்தெருவில் அடி விழுந்தால் வன்முறை, நம் தெருவில் விழுந்தால் பழக்கம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட்டோம். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார்: வெறும் வாய்ச்சண்டை. அன்றிரவு அக்கா கத்தியது கட்டுப்பாட்டு அறையில் பதிவாகியிருந்தது. அதைக் கேட்டு வாங்கலாம் என்று எங்களுக்கு உறைக்கவே பல மாதமானது. கேட்டபோது அழிந்துவிட்டது என்றார்கள். இதில் எங்கள் தவறும் உண்டு.

2005ஆம் ஆண்டுச் சட்டம், முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது. 18ஆம் பிரிவில் பாதுகாப்பு ஆணை. அவசரமென்றால் 23ஆம் பிரிவில் எதிர்த்தரப்பைக் கேட்காமலே இடைக்கால ஆணை. அழைப்புப் பதிவு அங்கேதான் உதவும். நாள், மணி, பின்னால் கேட்கும் அவன் சத்தம், பிள்ளையின் அழுகை எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் உள்ள போனை உடைக்கலாம், அந்தப் பதிவை அவன் தொட முடியாது.

ஆனால் அது மின்னணு ஆவணம், சான்றிதழ் கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு அது. பதிவு போலீஸிடம் இருக்கும்போது சான்றிதழுக்கு அக்கா எங்கே போவார்? அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொன்னது: வைத்திருப்பவர் தர மறுத்தால் நீதிமன்றத்தில் மனு செய்து வரவழைக்கலாம். பதிவையே வரவழைக்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் பதிவு அழியாமல் இருந்தால்தானே? காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம், வசதியில்லாவிட்டாலும் ஓராண்டு வைத்திருக்கச் சொன்னது அதே நீதிமன்றம், அதே 2020இல், பரம்வீர் சிங் சைனி வழக்கில். 100க்குப் பேசும் பெண்ணின் குரலுக்கும் அப்படியொரு காலக்கணக்கை நாம் கேட்க வேண்டும்.

எனக்கு ஒரு பயமும் உண்டு. பதிவு இருந்தால்தான் நம்புவோம் என்று நீதிமன்றங்கள் பழகிவிடக்கூடாது. நம் பெண்கள் போலீஸைக் கூப்பிடத் தயங்குவது சும்மா இல்லை. கணவனோடு தெருப் பையன்களையும் வண்டியில் அள்ளிப் போட்டதைப் பார்த்தவர்கள். கூப்பிட்டவரும் அழாமல், நிதானமாகப் பேசியிருக்கலாம். பிள்ளை எழுந்துவிடும் என்று. அதைக் கேட்டுவிட்டு, "பயந்த குரலாகத் தெரியவில்லையே" என்பார்கள். ஆணையை மீறியதை அவருடைய சாட்சியத்தை மட்டும் வைத்தே முடிவுசெய்யலாம் என்று 32(2) சொல்வதை அப்போது எடுத்துக் காட்டுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் யாராவது 100க்கோ 181க்கோ அழைத்தால் எந்த எண்ணிலிருந்து, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி, அவர் சம்மதத்தோடு அந்த வாரமே எழுத்தில் கடிதம் போக வேண்டும். ஒப்புகைச் சீட்டு முக்கியம். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்குப் போகும்போது அந்தச் சீட்டும் மனுவோடு போகட்டும். முதல் கடிதம் எழுத நானே வந்து உட்காருகிறேன்.