போனோரும் வந்தோரும்

இலக்கியம் பேசும் இந்த நேரத்தில் உதைபந்தாட்டத்தைக் கொண்டுவந்து போடுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆட்டத்தைப் பற்றிக்கூட அல்ல, ஆட்டமே நடைபெறாத மாதங்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இங்கிலாந்தில் மே மாதத்துடன் லீக் போட்டிகள் முடிந்துவிடும். பிறகு ஓகஸ்ட் வரை மைதானத்தில் புல் மட்டுமே வளரும். என்னைப் போன்ற பைத்தியங்களுக்கோ அந்த மாதங்கள்தான் நித்திரை கெடும் காலம். எந்த வீரர் போகிறார், எவர் வருகிறார், யாரை என்ன விலைக்கு விற்றார்கள் என்ற செய்திகள் வந்துகொண்டேயிருக்கும்.

என்னிடம் ஒரு கொப்பி உண்டு. பக்கத்தின் நடுவே கோடு கீறி, இடப்புறம் ‘போனோர்’, வலப்புறம் ‘வந்தோர்’ என்று எழுதி, லெஸ்டர் சிற்றி கழகத்தின் கணக்கை ஒவ்வொரு கோடையிலும் பதிந்து வருகிறேன். யாழ்ப்பாணத்தில் இருப்பவனுக்கு லெஸ்டரோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். என் தங்கையின் குடும்பம் அங்கே வசிக்கிறது. 2014 மார்கழியில் அவர்களிடம் போயிருந்தேன். நத்தாருக்கு அடுத்த நாள், பன்னிரண்டு வயது மருமகன் என்னைக் கையில் பிடித்து இழுக்காத குறையாக மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். டொட்டன்ஹாமுடன் ஆட்டம். லெஸ்டர் அப்போது பட்டியலில் ஆகக் கடைசி. நாங்கள் இருக்கையைத் தேடி அமர்வதற்குள், முதலாவது நிமிடத்திலேயே எதிரணி ஒரு கோலைப் போட்டுவிட்டது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். திரும்பி நடக்கையில் சனமெல்லாம் அணியைத் திட்டித் தீர்த்தது. திட்டிய வாயாலேயே அடுத்த ஆட்டம் எப்போது என்றும் விசாரித்தது. அந்தச் சனத்தோடு சனமாக நானும் ஒட்டிக்கொண்டேன். வெல்கிற அணியைப் பிடித்துக்கொண்டவன் அல்ல நான் என்பதைச் சொல்லவே இவ்வளவும் சொன்னேன்.

அதற்குப் பிறகு நடந்தது உலகமறிந்த கதை. பந்தயக்காரர்கள் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று ஒதுக்கிவைத்த அணி, கிளோடியோ ரனியேரியின் பயிற்சியில், 2015-16 பருவத்தில் 81 புள்ளிகளுடன் இங்கிலாந்தின் சம்பியனானது. 2016 மே 2ஆம் திகதி செல்சியும் டொட்டன்ஹாமும் சமநிலையில் முடிக்க, அது உறுதியாயிற்று. இங்கே அப்போது அதிகாலை இரண்டரை மணி. பக்கத்து வீட்டு நாய்கள் குரைக்கும் அளவுக்கு நான் சத்தமிட்டதாக மனைவி இன்றுவரை சொல்கிறாள்.

நான் பேச வந்தது அதற்கு அடுத்த மாதங்களைப் பற்றி. ஆனி மாதம் ஆர்சனல் கழகம் எங்கள் ஜேமி வார்டியைக் கேட்டு வந்தது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு சிறு கழகங்களில் ஆடி, 2012இல் லெஸ்டருக்கு வந்து, சம்பியன் பருவத்தில் 24 கோல்கள் அடித்த மனிதர். அவர் போகிறாரா, நிற்கிறாரா என்று சில வாரங்கள் தெரியாமலிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் நிற்பதாக அறிவித்தார். அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். சிரிக்காதீர்கள்.

ஆடியில், 16ஆம் திகதி, மருமகன் தொலைபேசியில் அழைத்தான். குரல் சரியில்லை.

“மாமா, கான்டேயை வித்துப்போட்டினம்.”

“அதுக்கென்ன தம்பி? வார்டி நிக்கிறார்தானே. மாஹ்ரெஸும் நிக்கிறார். அந்தக் காசுக்கு வேறை ஆக்களை எடுக்கலாம்.”

சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு சொன்னான்: “நீங்கள் ரீவியிலை பாக்கிறனீங்கள், மாமா. ரீவி பந்துக்குப் பின்னாலைதான் போகும்.”

பதினான்கு வயதுப் பிள்ளையின் பேச்சு என்று அதை விட்டுவிட்டேன். நான் கணக்குப் போட்டேன். என்கோலோ கான்டே என்ற அந்தச் சிறிய உருவம் படைத்த பிரெஞ்சுக்காரரை, ஒரு வருடம் முந்தி கான் நகரக் கழகத்திடமிருந்து ஐந்தரை மில்லியன் பவுண் அளவில் வாங்கியிருந்தார்கள். செல்சிக்கு விற்றதோ முப்பது மில்லியனுக்கும் மேல் என்று பத்திரிகைகள் எழுதின. பருவம் முழுவதும் அவர் போட்டது ஒரேயொரு கோல். நல்ல விலைக்கு வாழைக்குலை விற்றவனின் திருப்தி எனக்கு. கொப்பியில் ‘போனோர்’ பக்கம் அவர் பெயரை எழுதி, அருகே ‘பரவாயில்லை’ என்று ஒரு குறிப்பும் எழுதினேன்.

வலப்புறம் வேகமாக நிரம்பியது. மொஸ்கோவிலிருந்து அஹ்மத் மூசா வந்தார். பருவத்துக்கு முந்திய நட்பு ஆட்டமொன்றில் பார்சிலோனாவுக்கு எதிராக அவர் இரண்டு கோல்கள் போட்டபோது, கான்டேயின் பெயர்கூட எனக்கு மறந்துபோயிற்று. மென்டி வந்தார், ஓகஸ்ட் முடிவில் பெருந்தொகைக்கு ஸ்லிமானியும் வந்தார். என் கொப்பியின்படி லெஸ்டர் முன்னையதிலும் பலமான அணி.

முதலாவது லீக் ஆட்டம், அப்போதுதான் மேற்பிரிவுக்கு ஏறிவந்த ஹல் சிற்றியுடன். தோற்றோம். ஐப்பசி நடுவில் செல்சி எங்களை மூன்றுக்குப் பூச்சியம் என்று அடித்தது. அங்கே நீலச்சட்டையில் கான்டே. அன்றுதான் மருமகனின் சொல் நினைவுக்கு வந்தது. பந்தைப் பாராமல் அந்த ஒரு மனிதரை மட்டும் பார்ப்பதென்று உட்கார்ந்தேன். தொலைக்காட்சி அதற்கு இடந்தருவதில்லை. பந்து இருக்குமிடத்தைக் காட்டும்போது, ஓரத்திலிருந்து அவர் திடீரென்று வந்து நிற்பார், அவ்வளவுதான். அவர் எங்கிருந்து ஓடிவந்தார், எதிரியின் எண்ணத்தை எப்போது ஊகித்தார் என்பதெல்லாம் திரைக்கு வெளியே நடந்துவிடும். சம்பியன் பருவத்தில் லீக் முழுவதிலும் அதிக தடவை பந்தைப் பறித்தவர் அவரே. மைதானத்தில் இருந்த பையனுக்கு அது தெரிந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், பறித்த பந்து வார்டியின் காலுக்குப் போன பிறகு நடந்தது.

நாட்டுக்கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ராசா வேடக்காரர் களரிக்கு வரும்போது சனம் ஆர்ப்பரிக்கும். அவர் இழுத்துவிட்ட அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவதால்தான் அவருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. விடியும்வரை அவரை ஆடவைப்பது அண்ணாவியாரின் மத்தளம். அடுத்த ஊரார் வந்து ராசாவைக் கேட்டால் நாங்கள் சண்டைக்குப் போவோம். பிற்பாட்டுக்காரரைக் கேட்டால், கூட்டிக்கொண்டு போங்கள் என்போம்.

நியாயமாகப் பேசவேண்டும். எல்லா வீழ்ச்சிக்கும் ஒருவர் போனதே காரணம் என்பது மிகை. ஐரோப்பியப் போட்டிகளின் அலைச்சல் இருந்தது. பின்வரிசையில் இடம் விட்டுவைத்தால் வார்டி ஓடிவிடுவார் என்பதை மற்ற அணிகளும் கற்றுக்கொண்டன. ஆனாலும் 2017 பெப்ரவரி 23ஆம் திகதி, கீழிறங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி மேலே நின்ற நிலையில் ரனியேரி நீக்கப்பட்டார். சம்பியனாகி ஒன்பது மாதங்கள் தான். அந்த மே மாதம் செல்சி சம்பியன். வீரர் சங்கத்தின் சிறந்த வீரர் விருது கான்டேக்கு. லெஸ்டர் தட்டுத்தடுமாறிப் பன்னிரண்டாவது இடம். அவரது வேலையைச் செய்யக்கூடிய ஒருவர், வில்பிரட் என்டிடி, அந்த ஜனவரியில்தான் வந்து சேர்ந்திருந்தார்.

கற்றுக்கொண்டோமா? 2017 ஓகஸ்ட் கடைசி நாளில் ட்ரிங்வோட்டரும் செல்சிக்குப் போனார். அவரது இடத்துக்கு வாங்கிய அட்ரியன் சில்வாவின் பதிவுப் பத்திரம் பதினான்கு செக்கன் பிந்திப்போனதால், அந்த மனிதர் ஜனவரி வரை ஆடமுடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்க் கந்தோர்களில் கூடப் பதினான்கு செக்கனுக்கு ஒருவரை இப்படித் திருப்பி அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மாஹ்ரெஸ் 2018இல் மன்செஸ்டர் சிற்றிக்குப் போனார். 2021இல் எப்.ஏ. கிண்ணத்தை வென்றோம், அதுவும் கான்டே ஆடிய செல்சிக்கு எதிராக. 2023இல் கீழிறங்கி, 2024இல் ஏறி, 2025இல் மறுபடியும் கீழிறங்கினோம். அந்தப் பழைய அணியில் எஞ்சி நின்றவர் வார்டி ஒருவரே. 2025 மே 18ஆம் திகதி இப்ஸ்விச்சுக்கு எதிராகத் தனது ஐந்நூறாவது ஆட்டத்தில் இருநூறாவது கோலைப் போட்டுவிட்டு விடைபெற்றார். பிறகு இத்தாலியின் கிரெமொனேசேக்குப் போனார்.

மருமகனும் இப்போது லெஸ்டரில் இல்லை, எடின்பரோவில் வேலை. அன்றிரவு அங்கிருந்து அழைத்தான்.

“கொப்பியிலை எழுதிட்டீங்களா, மாமா?”

“எழுதிட்டன்.”

“2016 பக்கத்தை ஒருக்கா வாசியுங்கோ.”

பக்கத்தைப் புரட்டி, கான்டேயின் பெயரையும் அருகேயிருந்த சொல்லையும் வாசித்தேன். மறுமுனையில் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சொல்லைப் பென்சிலால்தான் எழுதியிருந்தேன். அழிக்கவில்லை.