சொன்ன நாளும் வந்த நாளும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பெருநாளுக்கு முந்திய இரவில் தையற்கடை வாசலில் காத்து நின்ற அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. "காலையில் வாருங்கள், தயாராக இருக்கும்" என்று தையற்காரர் சொல்வார். அவர் அப்படிச் சொல்லும் நேரத்தில் நம் துணி வெட்டப்படாமலே மூலையில் கிடக்கும். தைக்கத் தாமதமானது ஒரு குறை. தாமதமாகும் என்று தெரிந்தும் காலையில் வரச்சொன்னது வேறொரு குறை. இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பதே இன்றைய என் பேச்சின் சாரம்.

என் தமக்கையின் மகன் கட்டட வரைபடம் வரைந்து கொடுப்பவன். 2021 ஆம் ஆண்டு பிப்ரவரியில், தன் தொழிலுக்கு ஏற்ற நினைவகத்தையும் திரையையும் தானே தெரிவு செய்து, ஒரு கடையின் வழியாக லேப்டாப் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தான். முழுத்தொகையும் செலுத்தினான். நான்கு வாரத்தில் வரும் என்றார்கள். அதை நம்பி இரண்டு வீட்டுக்காரர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை ஒப்புக்கொண்டான். நாள் நான்கு முறை தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் குறித்த நாளின் மாலையில்தான் செய்தி வந்தது. லேப்டாப் கைக்கு வந்தபோது ஜூன் மாதம். அதற்குள் இரண்டு முன்பணத்தையும் அவன் திருப்பிக் கொடுத்திருந்தான். எங்கோ ஒருவர் தவறவிட்ட நாள், நம் ஊரில் அவனையும் வாக்குத் தவறியவனாக ஆக்கிவிட்டது.

இந்தத் தாமதம் ஏன் நேர்கிறது? ஆயத்த நிலையில் கடைக்கு வரும் லேப்டாப்புகளை, இவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு மொத்தமாகச் செய்து விடுகிறார்கள். நாம் கேட்ட வண்ணம் செய்யப்படுவதோ, நாம் தெரிவு செய்த பாகங்கள் அனைத்தும் ஓரிடத்தில் கூடும்வரை காத்திருக்க வேண்டும். முற்காலத்தில் நினைவகத்தை உள்ளூர்க் கடையிலேயே கூட்டிக்கொள்ள முடிந்தது. இன்று பல லேப்டாப்புகளில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டே வருகிறது. ஆகவே நம் விருப்பம் தொழிற்சாலை வரை சென்றாக வேண்டியுள்ளது.

2020 இல் கொரோனா காலத்தில் பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வந்தபோது, உலகெங்கும் லேப்டாப்பின் தேவை திடீரெனப் பெருகியது. சில்லு செய்யும் தொழிற்சாலையை ஒரே மாதத்தில் எழுப்பிவிட முடியாது, ஆண்டுகள் ஆகும். விலையுயர்ந்த சில்லுகள் மட்டுமல்ல, திரையை இயக்குவதும் மின்சாரத்தைச் சீர்செய்வதுமான மலிவான சில்லுகளும் கிடைக்காமற் போயின. அத்தகைய சிறு பாகம் ஒன்று இல்லையென்றாலும் முழுக் கருவியும் நின்றுவிடும். 2022 வசந்தத்தில் ஷாங்காய் நகரம் முழுவதும் முடக்கப்பட்டபோது, ஆப்பிள் லேப்டாப்புகளைச் செய்துவந்த குவாண்டா நிறுவனத்தின் அங்குள்ள தொழிற்சாலையில் வேலை நின்றது. ஏப்ரலில் ஆர்டர் கொடுத்தவர்களில் பலருக்கு ஜூன் மாதமே நாளாகக் குறிக்கப்பட்டது. இவை மனிதர் கைக்கு மீறியவை. இவற்றுக்காக எவரையும் பழிப்பது நீதியாகாது.

ஆனால் பெரியோர்களே, காத்திருந்தவரின் மனத்தைச் சுட்டது தாமதம் மட்டும்தானா? பணம் ஏற்கெனவே போய்விட்டது; நாள் தெரியவில்லை; கேட்டால் "உற்பத்தியில் உள்ளது" என்ற ஒரே விடை. அந்த மௌனமே அதிகமாகச் சுட்டது.

சொல்லிச் செய்விக்கும் பொருளுக்கு நம் ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே உண்டு. ஹனஃபி மத்ஹபில் அதற்கு 'இஸ்திஸ்னா' என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபினர் அதனை 'ஸலம்' என்னும் முன்பண வணிகத்தின் நிபந்தனைகளுக்குள் வைத்தே ஏற்கின்றனர். 1992 ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்றும், பொருளின் தன்மையோடு அதை ஒப்படைக்கும் காலமும் வரையறுக்கப்பட வேண்டும் என்றும் தீர்மானித்தது. இரு தரப்பும் இசைந்தால் தாமதத்திற்கு இழப்பீடு விதித்துக்கொள்ளலாம். கைக்கு மீறிய இடையூறு நேர்ந்தால் அதற்கு விலக்கு என்றும் கூறியது. நம் நாட்டில் 2020 இல் வந்த மின்வணிக விதிகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. குறித்த நாளுக்குப் பின் வந்த பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. கைக்கு மீறிய காரணத்திற்கு மட்டும் விலக்கு உண்டு. அமெரிக்காவில் 1975 முதல் உள்ள ஒரு விதி, அஞ்சல் வழி ஆர்டர் வாங்கியவர் சொன்ன காலத்தில் அனுப்ப முடியாவிட்டால், வாங்குபவருக்கு அதை அறிவித்து, காத்திருக்கவோ பணத்தைத் திரும்பப் பெறவோ வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது.

ஆகவே நம் மஹல்லாவின் வணிகப் பெருமக்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். கணினிக் கடை வைத்திருப்போர் மட்டுமல்ல, தையற்காரர், தச்சர், நகை செய்வோர் அனைவரும் கேளுங்கள். உங்களுக்கே நம்பிக்கையில்லாத நாளை வாடிக்கையாளருக்குச் சொல்லாதீர்கள். தாமதமாகும் என்று உங்களுக்குத் தெரிந்த அன்றே அவருக்கும் தெரிவியுங்கள். காத்திருக்க இயலாதவர் பணத்தைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்; பொருள் கைமாறும் வரை அதை அமானிதமாகவே கருதுங்கள். இன்னொன்றும் சொல்கிறேன். முடியாது என்று தெரிந்தே ஒரு நாளைச் சொல்லி, அதன் பின்னால் 'இன்ஷா அல்லாஹ்' என்று சேர்த்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடாது. அப்புனிதச் சொல்லை நம் சோம்பலுக்குத் திரையாக்க வேண்டாம்.

வாங்குவோருக்கும் கடமை உண்டு. நாளையும், நாள் தவறினால் என்ன என்பதையும் எழுத்தில் பெறுங்கள். வராத பொருளை நம்பிப் பிறருக்கு வாக்களிக்காதீர்கள். நியாயம் கிடைக்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடுங்கள். கடையில் நிற்கும் பணியாளரை ஏசாதீர்கள்.

இந்தக் கடைசிச் சொல்லைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அன்று மருமகனுடன் அந்தக் கடைக்கு நானும் சென்றேன். அங்கிருந்த இளைஞரிடம் குரல் உயர்த்தியது அவன் மட்டுமல்லன், நானும்தான். சில நாட்கள் கழித்துச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் தம் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நாங்கள் கண்ட அதே ஒரு வரிதான் அவருக்கும் தெரிந்தது. "ஹஜ்ரத், எனக்கு நாள் தெரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே" என்றார்.

அவருக்குத் தெரியாததால் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்ட நாட்கள் எத்தனை என்பதை ஒவ்வொருவரும் தம் கணக்கில் பார்த்துக்கொள்வோமாக. வாக்கைக் காப்பவர்களின் கூட்டத்தில் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.