தோர்பெல் என்னும் மலையூர்



சுவிற்சர்லாந்து என்ற பெயரைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழுவன கைக்கடிகாரமும் வங்கியும் பனிமலையுமே. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட ஊரிலோ கடிகாரத் தொழிற்சாலையும் இல்லை. பெரிய வங்கியும் இல்லை. பனிமலை உண்டு, ஆயின் படம் பிடிப்போர் தேடிச் செல்லும் மலை அதுவன்று. தோர்பெல் என்பது அவ்வூரின் பெயர். மக்கள் தொகை ஏறத்தாழ ஐந்நூறு. பரப்போ பதினெட்டுச் சதுரக் கிலோமீற்றருக்கும் குறைவு. எனினும் உலகெங்கும் பொருளியல் கற்கும் மாணவர் இச்சிற்றூரின் பெயரை அறிவர். அப்பெருமை அதற்கு வந்த வகையையே இங்குக் கூற விழைகின்றோம்.

முதலில் ஊரின் இருப்பிடம். சுவிற்சர்லாந்தின் இருபத்தாறு மாநிலங்களுள் தெற்கே உள்ளது வாலே. அதன் நடுவே றோன் நதி மேற்கு நோக்கி ஓடுகின்றது. விஸ்ப் என்னும் பட்டினத்தில் தெற்கிலிருந்து ஓர் ஆறு வந்து றோனுடன் கலக்கின்றது. அவ்வாற்றை எதிர்த்துத் தெற்கே சென்றால் ஸ்தால்டன் என்னும் ஊரில் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரியும். ஒரு கிளை புகழ்பெற்ற சேர்மாத் நகருக்குச் செல்வது. அக்கிளையின் மேற்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தில், கருகிய மர வீடுகள் நெருங்கி நிற்கும் ஊரே தோர்பெல். 1891இல் திறக்கப்பட்ட சேர்மாத் புகைவண்டிப் பாதை கீழே பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகின்றது. அதில் செல்லும் உல்லாசப் பயணிகளுள் தலை நிமிர்ந்து இவ்வூரைப் பார்ப்பவர் மிகச் சிலரே.

ஆல்ப்ஸ் மலை என்றால் மழைக்குக் குறைவிராது என்று நாம் எண்ணுவோம். அது தவறு. வடக்கிலும் தெற்கிலும் நிற்கும் உயர்ந்த மலைத்தொடர்கள் மேகங்களைத் தடுத்து விடுகின்றன. ஸ்தால்டன் பகுதியில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 550 மில்லிமீற்றர் மட்டுமே. சுவிற்சர்லாந்தில் மிகக் குறைந்த மழை பெறும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஆதலின் மலைமேல் உருகும் பனிநீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்து புல்வெளிகளுக்குப் பாய்ச்சும் வழக்கம் வாலே மாநிலத்தில் நடுக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது. செங்குத்தான பாறையில் வாய்க்கால் வெட்ட இயலாத இடங்களில் மரத் தொட்டிகளைப் பாறையிலே தொங்கவிட்டு நீரைக் கடத்தினர். ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரத் தண்ணீர் என்று முறை வகுத்தனர். எழுத்தறிவு பரவாத காலத்தில் அவ்வுரிமையை மரக்கட்டைகளில் வெட்டுக்குறியாகப் பொறித்து வைத்தனர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீட்டுக்குறி உண்டு. முறைத் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய நம் உழவருக்கு அதன் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. வாலே உள்ளிட்ட சில ஐரோப்பியப் பகுதிகளின் இம்மரபுவழி நீர்ப்பாசனத்தை 2023இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

தோர்பெல் உழவரின் வாழ்க்கையை ஓர் ஏணி எனலாம். கீழ்ப்படியில், வெயில் மிகுந்த தாழ்சரிவில், திராட்சைத் தோட்டம். அதற்கு மேலே றை என்னும் தானிய வயலும், பின்னாளில் உருளைக்கிழங்கு நிலமும், குளிர்காலத்துக்கு வைக்கோற்புல் அறுக்கும் வெளிகளும். அதற்கும் மேலே காடு. உச்சிப்படியில், ஈராயிரம் மீற்றர் உயரத்தில், கோடையில் மட்டும் மாடு மேயக்கூடிய மலைப் புல்வெளி. ஒரே குடும்பம் இந்த ஏணியின் எல்லாப் படிகளிலும் ஏறி இறங்கிப் பிழைத்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சொத்தைச் சமமாகப் பங்கிடும் வழக்கத்தினால் வயல்கள் துண்டு துண்டாகச் சிதறின. வீடுகளும் மாடி மாடியாகப் பிரிக்கப்பட்டன. அதனினும் சிறிய பங்காக ஒரு வீட்டின் ஒரு பகுதிக்கு உரியவராய் இருந்தோரும் உண்டு.

இனி நம் உரையின் மையத்துக்கு வருவோம். வயல், தோட்டம், புல் அறுக்கும் நிலம் ஆகியன தனியார் உடைமை. மலைப் புல்வெளி, காடு, தரிசு, வாய்க்கால், பாதை ஆகியன ஊர்ப் பொது. இவ்வேற்பாட்டைக் குறிக்கும் எழுத்துச் சான்று 1224ஆம் ஆண்டிலேயே கிடைக்கின்றது. 1483ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் ஊரவர் கூடிக் கைச்சாத்திட்டு, பொதுநிலத்தை ஆளுதற்கு ஒரு சங்கத்தை முறைப்படி நிறுவினர். 1517இல் அவர்கள் விதித்த ஒரு விதி மிகவும் புகழ் பெற்றது. குளிர்காலத்தில் தன் சொந்தத் தீவனத்தைக் கொண்டு எத்தனை மாடுகளை ஒருவர் காப்பாற்ற வல்லாரோ அத்தனை மாடுகளையே கோடையில் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம் என்பதே அது.

இவ்விதியின் கூர்மையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். பொதுப் புல்வெளி எத்தனை மாடுகளைத் தாங்கும் என்று அளவிட அக்காலத்தில் எந்த நிபுணரும் இல்லர். ஆனால் ஒருவர் பரணில் எவ்வளவு புல் இருக்கின்றது, தொழுவத்தில் எத்தனை மாடு குளிர்காலத்தைக் கழித்தது என்பதை அண்டை வீட்டார் அனைவரும் அறிவர். கண்ணுக்குத் தெரியும் அளவுகோலைக் கொண்டு கண்ணுக்குத் தெரியாத எல்லையை வகுத்தனர். வசந்தத்தில் விலைக்கு மாடு வாங்கி, பொதுப் புல்லில் கொழுக்க வைத்து, குளிருக்கு முன் விற்றுவிட எண்ணும் செல்வரின் வழியும் அடைபட்டது. விதியை மீறுவோருக்குத் தண்டப்பணம் உண்டு. அதனை அறவிடும் ஊர் அலுவலர் பாதியைத் தாமே வைத்துக்கொள்ளலாம். கண்காணிப்பு ஏன் தளரவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை! மலையேறிய மாடுகளை உடனே எண்ணிக் குறித்துக்கொள்வர். பருவ முடிவில் கிடைக்கும் பாற்கட்டியை மாட்டுக் கணக்கின்படியே பங்கிடுவர். பாதை திருத்தலும் எருப் பரப்பலும் மாட்டுக் கணக்கின்படியே. காட்டு மரத்துக்கும் இத்தகைய ஒழுங்கு உண்டு. வெட்டத்தக்க மரங்களை அலுவலர் குறித்துக் கொடுப்பார்; குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து வெட்டிச் சமக் குவியல்களாக அடுக்கும்; எக்குவியல் எவருக்கு என்பதைத் திருவுளச்சீட்டு முடிவு செய்யும்.

1968இல் காரெற் ஹார்டின் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் தமக்கு இலாபம் கருதி ஒரு மாட்டைக் கூட்டுவர். முடிவில் நிலம் அழியும். ஆகவே அதைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், அல்லது அரசு கையேற்க வேண்டும் என்னும் கருத்து அதிலிருந்து பரவியது. அரசாங்க அலுவலகங்கள் பல அதை வேதவாக்காகக் கொண்டன. ஆனால் அடுத்த பத்தாண்டில் றொபேட் நெற்றிங் என்னும் மானிடவியலாளர் தோர்பெலில் தங்கி, கோயிற் பதிவேடுகளையும் பழைய ஓலைகளையும் ஆராய்ந்து, 1981இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டதை எலினோர் ஒஸ்ற்றம் அம்மையார் 1990இல் தம் நூலில் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக எடுத்தாண்டார். பொதுநிலம் என்பது வேறு, எவரும் புகும் திறந்தவெளி என்பது வேறு. உரியவர் யாரென்று தெரிந்து, விதியை அவர்களே வகுத்து, அவர்களே காவல் செய்யுமிடத்தில் நிலம் நூற்றாண்டுகள் நிலைக்கும் என்று நிறுவினார். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இவ்வளவும் கூறிய பின், மறுபக்கத்தையும் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1483ஆம் ஆண்டுச் சாசனம் அயலாரை வெளியே நிறுத்தியது. வெளியூரார் ஒருவர் தோர்பெலில் நிலம் வாங்கினாலும் பொதுநிலத்தில் அவருக்கு உரிமையில்லை. புதியவரைக் குடியுரிமையாளராக ஏற்பதும் ஊரவர் வாக்கிலேயே தங்கியிருந்தது. அவ்வேலியே நிலத்தைக் காத்தது. அவ்வேலியே மனிதரைத் தள்ளியும் வைத்தது. ஊருக்குள்ளும் விலை கொடுத்தோர் பலர். காலம் தாழ்த்தி மணந்தோரும், மணமின்றியே இருந்தோரும், ஊரை விட்டுப் போனோரும் இருந்தமையாலேயே மக்கள் தொகை நிலத்தின் அளவை மீறாதிருந்தது. சொத்திலே சம பங்கு பெற்ற பெண்ணுக்கு வாக்கிலே பங்கு இல்லை. தோர்பெலுக்கு அண்மையில் உள்ள உன்டர்பேக் என்னும் ஊரில் 1957 மார்ச்சில் பெண்கள் 33 பேர் துணிந்து சென்று வாக்களித்தனர். அவை எண்ணிக்கையிற் சேர்க்கப்படவில்லை. வாலே மாநிலத்தில் 1970இலும் கூட்டாட்சி அளவில் 1971இலுமே அவ்வுரிமை கிடைத்தது. ஊராட்சியின் புகழைப் பாடுவோர் பெரும்பாலும் இதனை மறந்து விடுகின்றனர்.

இன்றைய தோர்பெலின் பொருளாதாரம் முன்போன்றதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விஸ்ப் நகரில் லொன்சா நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. மலையூர் ஆடவர் தொழிற்சாலையில் முறைவேலை பார்த்து, மீதி நேரத்தில் புல் அறுத்தனர். தானிய வயல்கள் மறைந்தன. 2021இல் மொடேர்னா தடுப்பூசியின் மூலப்பொருள் அவ்விஸ்ப் தொழிற்சாலையிலும் உருவானது. 2007இல் லொட்ச்பேர்க் அடிச் சுரங்கப்பாதை திறக்கப்பட்ட பின், தலைநகர் பேர்ணிலிருந்து விஸ்புக்கு ஒரு மணி நேரப் பயணமே. தோர்பெலில் வாழ்ந்துகொண்டு பள்ளத்தாக்கிலே சம்பளம் பெறலாம். அதேபோல் தோர்பெலை விட்டு எளிதில் போய்விடவும் செய்யலாம். பழைய தானியக் களஞ்சியங்கள், எலி ஏறாதவாறு தட்டைக் கற்களின்மேல் நின்ற அந்த மரக்கட்டடங்கள், இன்று பெரும்பாலும் பார்வையாளருக்கே பயன்படுகின்றன.

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஊரவர் அஞ்சியது மாடு மிகுந்துவிடும் என்று. இன்று சுவிற்சர்லாந்தின் மலைப் புல்வெளிகள் பலவற்றில் உள்ள அச்சம் மாடு குறைந்துவிடும் என்பது. மேய்வதற்கு மாடில்லாத புல்வெளியில் முதலில் புதரும் பின்னர் காடும் ஏறி வருகின்றன. அதனைத் தடுக்கும்பொருட்டு, கோடையில் மாடுகளை மலைக்கு அனுப்பும் உழவருக்கும் புல்வெளிக்கு உரியோருக்கும் கூட்டாட்சி அரசு பணம் கொடுத்து வருகின்றது. மாட்டின் தொகைக்கு மேலெல்லை வகுத்த 1517ஆம் ஆண்டு விதியில் கீழெல்லைக்கு இடமில்லை. அதனை இனி வகுப்பவர் ஊரவரா, பணம் கொடுக்கும் பேர்ண் அரசா என்பது அம்மலைச்சரிவுகளில் இன்னும் முடிவு காணாத வழக்கு.